பழைய ஊசியைத் திரும்ப மாட்டுகிறவள்

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் தியாகராய நகரில் பாதி பிளவுஸ் கடைக்காரர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். அவர்களில் சிலருக்கு இன்னும் அவள்மேல் கோபம். அந்தக் கோபத்துக்குக் காரணம் நான்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

முதன்முதலில் அவளைப் பார்த்தது பாண்டி பஜாருக்குப் பின்னால், ஒரு சந்தில் இருந்த பிளவுஸ் கடையில். நான் அங்கே ஆர்டர் எழுதிக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அளவு, கழுத்து, டிசைன் நம்பர், என்றைக்கு வேண்டும், அவ்வளவுதான் வேலை. அன்று கல்யாணப் பெண்ணின் பிளவுஸ் ஒன்று கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மிஷினில் ஏறியிருந்தது. முதுகில் போட்ட மயில் டிசைன் கழுத்துவரை வந்து, அதற்கு மேல் நூல் அறுந்துகொண்டே இருந்தது. பெண் வீட்டார் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. மிஷின் ரிப்பேர் பார்க்கிறவளுக்குப் போன் போட்டார்.

அவள் வந்தாள். ஒல்லி, முழங்கைவரை மடித்துவிட்ட ஆண்பிள்ளைச் சட்டை, காதில் ஒரு பேனா. மிஷினை அணைத்தாள். ஊசியைக் கழற்றிப் புது ஊசி போட்டாள். ஓட்டினாள். நூல் அறுந்தது. மறுபடி அணைத்து, புது ஊசியைக் கழற்றி, பழைய ஊசியையே திரும்ப மாட்டினாள்.

முதலாளி சாத்தூர்க்காரர். அவருக்கு இது தாங்கவில்லை. "ஏம்மா, புது ஊசி நல்லாத்தானே இருக்கு? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே. எதுக்குப் பழசை மாட்டுறே?"

"புதுசு நல்லதுதான் சார். ஆனா கோளாறு ஊசில இல்லன்னு ஆயிடிச்சு. இல்லாத எடத்துல நான் கைய வச்சிருக்கக் கூடாது" என்றாள். காதிலிருந்த பேனாவை எடுத்து, கையிலிருந்த தாளில் 'ஊசி' என்று எழுதி அடித்தாள். பிறகு நூலின் இறுக்கம், டென்ஷன் என்பார்கள். அதையும் மாற்றினாள், ஓட்டினாள், அறுந்ததும் பழையபடியே வைத்தாள். ஐந்தாவதாக, நூல் போகும் வழியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலைக் கண்டுபிடித்தாள். அதற்குள் பெண்ணின் அம்மா அழுதே விட்டாள்.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. சோறு கொதிப்பதற்குள் மூன்று தரம் மூடியைத் திறப்பவள் நான். அவளைப் பார்த்ததும் எரிச்சலும் வந்தது, அவளை விடவும் முடியவில்லை. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். பட்டினப்பாக்கத்தில் வீடு. புருஷன் கடலுக்குப் போகிறவன். எப்படியோ மதியச் சாப்பாட்டை என்னோடு சாப்பிட ஆரம்பித்து, எனக்கு நெருங்கியவளாகிவிட்டாள்.

அவள் முன்னங்கையில் ஒரு தடவை அரிப்பு வந்தது. சிவந்து, தடித்து, பார்க்கவே எனக்குக் கூசியது. வளையலைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வாரம் பார்த்தாள். போகவில்லை. வளையலைத் திரும்பப் போட்டுக்கொண்டு, சோப்பை மாற்றினாள். ஒரு வாரம். பிறகு பழைய சோப்பு, ஆனால் மிஷின் எண்ணெயைத் தொடாமல் ஒரு வாரம். சாப்பிடும்போது இடது கையை மேஜை விளிம்பில் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்தித் தொலையேன். கையைப் பாரு, தோலே உரிஞ்சி போச்சு" என்று ஒரு நாள் கத்திவிட்டேன்.

"நிறுத்தினா போயிடும்தான்க்கா. அப்பால எதக் கண்டு பயப்படணும்னு தெரியாம, எல்லாத்தையும் பாத்துப் பயந்துக்கினு கெடக்கணும்."

ஆறு வாரம் அந்தக் கையோடு இருந்தாள். துணிக்கு அடியில் வைக்கும் தாளின் பசைதான் காரணம் என்று கடைசியில் தெரிந்தது. வெற்றி பெற்றவள் மாதிரி அதை என்னிடம் வந்து சொன்னாள். எனக்கு அவளைப் பார்த்துப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை. இவ்வளவு வலியைத் தாங்கிக்கொண்டு ஒரு பதிலுக்காகக் காத்திருப்பவளோடு எப்படிப் பழகுவது?

கம்ப்யூட்டர் அவள் எங்கும் போய்ப் படித்ததில்லை. கடைகளில் டிசைன் வாங்கிப் போட ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அதற்கு வைரஸ் வந்து வந்து இவள் அலுத்துப்போய், விண்டோஸை எடுத்துவிட்டு அதற்குப் பதில் லினக்ஸ் போடத் தானே நோண்டி நோண்டிக் கற்றுக்கொண்டாள். ஆறு கடைகளில் அவள் போட்ட லினக்ஸ் ஓடியது. நான் மெடிக்கல் கோடிங் வேலைக்கு மனுப் போட்டபோது, தன் வீட்டிலிருந்த கம்ப்யூட்டரையே ஸ்கூட்டர் கால்வைக்கும் இடத்தில் வைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதன் பின்பக்கம் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு வைஃபை சாதனம் செருகியிருக்கும். அவள் அதைக் குச்சி என்பாள்.

"உனக்கு வேணாமா?" என்று கேட்டேன்.

"நீ பாஸ் பண்ணு. அப்பால நீ ஒண்ணு வாங்கினு எனக்கு இதக் குடு."

அந்த வேலை எனக்கு எவ்வளவு அவசியம் என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் இருக்கும் நோய்களுக்கு எண் போடும் வேலை, வீட்டிலிருந்தே. கல்யாணம் முறிந்து, மந்தைவெளியில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் தனியாகக் குடியிருந்தேன். கடைச் சம்பளத்தில் அது நீடிக்காது. ராஜபாளையத்திலிருந்து அண்ணன் வாராவாரம் போன் செய்வார். "தீபாவளி வரைக்கும் பாரு. சரிப்பட்டு வரலேன்னா சாமானைக் கட்டிட்டு இங்க வந்துரு. மாடி ரூம் சும்மாதான கெடக்கு." அந்த மாடி ரூமில் அண்ணி வத்தல் காயப் போடுவாள். நாற்பது வயதில் அண்ணியின் முகக்குறிப்பைப் பார்த்துக் காப்பி குடிக்க எனக்கு மனசில்லை.

பரீட்சை ஆன்லைனில். ஒரே ஒரு வாய்ப்புதான், தவறினால் அடுத்த வருஷம். அறையில் நான் மட்டும்தான் இருக்க வேண்டும், போன் அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது, பத்தே முக்காலுக்குள் கேமராவில் முகத்தைக் காட்டி உள்ளே நுழைந்துவிட வேண்டும். பரீட்சைத் தேதியை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். நான் விஜயதசமியைத் தேர்ந்தெடுத்தேன். நல்ல காரியம் தொடங்க அதைவிட நல்ல நாள் ஏது?

அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. வீடு முழுக்க ஒட்டடை அடித்தேன். கம்ப்யூட்டரின் வயர்களையெல்லாம் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்துத் திரும்பச் செருகி, சந்தனம் குங்குமம் வைத்தேன். அந்தக் குச்சிக்கும் ஒரு பொட்டு. அதோடு நின்றிருக்கலாம். திரையின் மூலையில் ஒரு வாரமாக 'அப்டேட் காத்திருக்கிறது' என்று ஒரு அறிவிப்பு நின்றுகொண்டிருந்தது. "பரீட்ச முடியிற வரைக்கும் அத அமுக்காத" என்று அவள் சொல்லியிருந்தாள். ஆனால் இண்டு இடுக்கெல்லாம் சுத்தம் செய்துவிட்டு, இது மட்டும் அழுக்குப் போல் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. அமுக்கினேன். முடிந்ததும் அணைத்துப் பூஜையில் வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது, தொடவில்லை.

காலை எட்டரைக்குக் கற்பூரம் காட்டிவிட்டு ஆன் செய்தேன். வலது மேல் மூலையில் விசிறி மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கும். அதை அமுக்கினால் மாடியில் இருக்கும் வீட்டுக்காரரின் வைஃபை பெயர் வரும். அந்த விசிறி இல்லை. அமுக்கிப் பார்த்தேன். சத்தம் கூட்டுவது இருந்தது, வெளிச்சம் கூட்டுவது இருந்தது, வைஃபை என்ற வரியே இல்லை. அணைந்து கிடந்தால் ஆன் செய்யலாம். இல்லாததை எங்கே போய் ஆன் செய்வது?

அவளுக்குப் போன் செய்தேன். கால் மணி நேரத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"நேத்து இன்னாலாம் பண்ண? ஒண்ணு வுடாம சொல்லு."

துடைத்ததைச் சொன்னேன். வயர் பிடுங்கியதைச் சொன்னேன். பொட்டு வைத்ததைச் சொன்னேன்.

"அப்டேட் அமுக்கினியா?"

"இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். திட்டுவாள் என்ற பயம், நாற்பது வயதுக்காரி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்ற வெட்கம். அதற்கு மேல் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவள் என்னை நம்பினாள். காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் கோடு போட்டாள்.

மிஷினை அணைக்காமல் எதையும் செருகவோ பிடுங்கவோ மாட்டாள். அது எம்ப்ராய்டரி மிஷினில் வந்த பழக்கம். அணைத்து, உள்ளே ஃபேன் நிற்கும்வரை காத்திருந்து, குச்சியைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு மாற்றி, ஆன் செய்தாள். அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் எழுந்து வரப் பத்து நிமிஷம் ஆகும். வந்தது. மூலை காலி. மறுபடி அணைத்து, குச்சியைப் பின்பக்கமே செருகினாள்.

"எதுக்கு? முன்னாலயே இருந்துட்டுப் போகட்டுமே."

"அங்கதான இருந்திச்சு" என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

பிறகு குச்சியிலிருந்த சந்தனத்தைத் துடைத்துப் பார்த்தாள். வரவில்லை. "பொட்டையும் திரும்ப வைக்கப் போறியா?" என்று குத்தலாகக் கேட்டேன். ஒரு கணம் நிஜமாகவே யோசித்தாள். மாடிக்குப் போய் வீட்டுக்காரரின் ரூட்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். என் போனில் அந்த வைஃபை வந்தது, அங்கே கோளாறு இல்லை. இன்னொரு துளையில் செருகிப் பார்த்தாள். அப்போதும் இல்லை. "எதுனா மறந்துட்டியாக்கா? அப்டேட்டு எதுனா?" என்று இரண்டாவது தரம் கேட்டாள். இல்லை என்றேன். சிறிது நேரம் கழித்து மூன்றாவது தரம். அப்போதும் இல்லை என்றேன். சொன்ன பொய்யை நடுவில் மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று பொய் சொன்னவர்களுக்குத்தான் தெரியும்.

தாளில் நான்கு வரி அடிபட்டிருந்தது. மணி பத்து இருபத்தாறு. விடுமுறை நாள், பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரும் திறந்திருக்காது, திறந்திருந்தாலும் அங்கே தனி அறை கிடையாது. அவள் தன் பையிலிருந்து வேறொரு கம்பெனிக் குச்சியை எடுத்தாள். "இதான் கடைசிக்கா. இதுவும் இல்லன்னா எனக்குத் தெரியல."

எனக்குத் தெரியல என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"அமுக்கினேன்" என்றேன். "நேத்து சாயந்தரம். பூஜைக்கு முன்னால."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு வாட்டி கேட்டேன்" என்றாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். "சரி. அப்டேட் வந்தாலும் பழச அழிக்காது, உள்ள வச்சிருக்கும். ஆன் ஆகும்போதே பழசுல ஓட்டலாம். இப்ப ரெண்டு கீது. குச்சியா, அப்டேட்டா. மொதல்ல குச்சி பாக்கறேன்."

"ரெண்டு தடவ ஆன் பண்ண நேரமில்ல. ரெண்டையும் சேத்துப் பண்ணு."

"வந்துச்சுன்னா எதுனால வந்துச்சுன்னு தெரியாதுக்கா."

"எனக்குத் தெரிய வேணாம். இது போச்சுன்னா எங்க அண்ணன் வீட்டு மாடியிலதான் நான் சாகணும். உன் கால்ல வேணாலும் விழறேன், ரெண்டையும் பண்ணு."

அவள் கையைப் பார்த்தேன். குச்சியைப் பிடித்த விரல்கள் அப்படியே நின்றன. கல்யாணப் பெண்ணின் அம்மா அழுதபோதுகூட நிற்காத கை அது. பிறகு கம்ப்யூட்டரை அணைத்தாள். பழைய குச்சியைப் பிடுங்கிப் புதுக் குச்சியைச் செருகினாள். ஆன் செய்து, கறுப்புத் திரை வந்ததும் பட்டனை அமுக்கிப் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தாள். தெருவில் யாரோ வண்டிக்குப் பூசணிக்காய் உடைக்கும் சத்தம் கேட்டது.

பத்து முப்பத்தெட்டுக்கு விசிறி வந்தது.

நான் அழுதுகொண்டே பாஸ்வேர்டு அடித்தேன். அவள் என் போனை எடுத்துக்கொண்டு, கதவை வெளியிலிருந்து சாத்தினாள். இரண்டரை மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பால் பாக்கெட் காசு கேட்டு வந்தவரையும், சுண்டல் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு மாமியையும் பெல் அடிக்க விடாமல் அனுப்பியிருக்கிறாள். வெளியே வந்து பார்த்தால், காலண்டர் தாளை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரியில் 'குச்சி, அப்டேட்' என்று இரண்டும் சேர்ந்திருந்தன. பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள்.

பாஸ் ஆனேன். மூன்றே நாளில் வேலையில் சேரச் சொன்னார்கள். அண்ணனுக்குப் போன் செய்து, மாடி ரூமில் வத்தலே காயட்டும் என்றேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். "ஒரு மணி நேரம் குடுக்கா. பழைய குச்சிய மட்டும் திரும்பப் போட்டுப் பாத்துடறேன்."

"நல்லா ஓடுது, அதைத் தொடாத" என்றேன்.

"ஆறு கடையிலயும் இதே குச்சிதான் போட்டுக்கீறேன். இதே அப்டேட் அங்க தானா வரும். குச்சின்னா ஆறு குச்சி மாத்தணும், அப்டேட்டுன்னா நிறுத்தி வைக்கணும். தீபாவளி சீசன்ல இன்னா கோளாறுன்னு சொல்லாம கைய வைக்க வுட மாட்டாங்கக்கா."

அவள் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியவில்லை என்று இப்போது சொன்னால் அது நான்காவது பொய். ஆனால் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் உள்ளே நுழைய வேண்டும், மூன்று மாதம் தகுதிகாண் காலம், ஒரு நாள் வராவிட்டாலும் கேள்வி. அந்த விசிறி மறுபடி மறைந்துவிட்டால்? "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றேன்.

அடுத்த வாரம் எனக்கு ஞாயிறும் வேலை என்று சொன்னேன். வேலை இல்லை. இரண்டு நாள் கழித்து அவளே வந்தபோது கதவைப் பாதிதான் திறந்தேன். அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள். மேஜைமேல் அவளுடைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று அப்படித்தான் இருந்தது, மறைப்பானேன்.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது சாத்தூர் முதலாளி போன் செய்தார். "வேற கம்ப்யூட்டர் ஆள் யாரும் தெரியுமாம்மா? நேத்துலருந்து நெட்டே வரல. டிசைன் ஒண்ணும் எடுக்க முடியல. இங்க மட்டுமில்ல, அந்தப் பொண்ணு பாக்குற ஆறு கடையிலயும் இதே கூத்துதான். எல்லாரும் அவளைப் பிடிச்சுக் கிழிக்கிறாங்க."

எனக்கு யாரையும் தெரியாது என்றேன். போனை வைத்தேன். அவளைக் கூப்பிட நம்பரை எடுத்தேன், கூப்பிடவில்லை. என்ன சொல்வது?

மறுநாள் மதியம் அவளே கூப்பிட்டாள். பின்னால் மிஷின்கள் ஓடும் சத்தம், அதற்கு மேல் ஒரு ஆம்பிளைக் குரல் யாரையோ வைதுகொண்டிருந்தது.

"க்கா, தெரிஞ்சிடிச்சி. அப்டேட்டுதான். குச்சில ஒண்ணும் இல்ல" என்றாள். குரலில் அலுப்பு இருந்தது, கோபம் இல்லை. "உன் பழைய குச்சி நல்லாத்தான் கீது, தூக்கிப் போட்டுடாத. நீ பழசுலயே ஓட்டினு இரு, ஒண்ணும் ஆவாது. உனக்குப் பயமா இருக்குமேன்னுதான் போன் பண்ணேன்."

"என்னை மன்னிச்சிடு" என்றேன்.

"எதுக்குக்கா?"

நிஜமாகவே கேட்டாள். சொன்ன பொய்க்காகவா, பாதி திறந்த கதவுக்காகவா, எது என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அந்தக் குரல் இன்னும் கிட்டத்தில் வந்து அவளைக் கூப்பிட்டது. "தோ வரேன் சார்" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.